மை50 பயண அட்டை: ஐம்பது வெள்ளி நம்முடையது, மிச்சம் யாருடையது?

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இருந்து விமான நிலையத்துக்குக் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு வழி போக 55 வெள்ளி. அதைவிட ஐந்து வெள்ளி குறைத்துக் கொடுத்து மை50 அட்டை வாங்கினால் ரேப்பிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், சன்வே பிஆர்டி, பேருந்து எல்லாவற்றிலும் 30 நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். முன்னது தனியார் நிறுவனத்தின் சேவை உரிமை ஒப்பந்தத்தில் ஓடுகிறது. பின்னது அரசாங்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மை50 அட்டையின் பாதிக் கதை தெரிந்துவிடும். இது உண்மையான விலை அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருவரை ஒரு மாதம் ரயிலிலும் பேருந்திலும் ஏற்றிச் செல்ல ஐம்பது வெள்ளி எந்தக் கணக்கிலும் போதாது. மிச்சத்தை யாரோ கட்டுகிறார்கள். யார், எப்படி, அதனால் நம் நடைமேடையில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அட்டையைப் பற்றி ஒழுங்காகப் பேச முடியும்.

முதலில் விலை. 2019இல் எல்லாவற்றுக்குமான அட்டை 100 வெள்ளி. பேருந்துக்கு மட்டும் என்றால் 50. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூனில், கட்டுப்பாடுகள் தளர்ந்து மக்கள் வேலைக்குத் திரும்பியபோது 30 வெள்ளிக்கு எல்லாச் சேவைகளும் என்று சலுகை வந்தது. 2021 முதல் அது 50 ஆகி, அப்படியே நின்றுவிட்டது.

லாபமா நட்டமா என்று பார்க்கப் பெரிய கணக்கு தேவையில்லை. மாதம் 22 வேலை நாள், போக வர 44 பயணம். ஐம்பதை 44ஆல் வகுத்தால் ஒரு பயணம் 1 வெள்ளி 14 காசு. உங்கள் வழக்கமான ஒருவழிக் கட்டணம் அதற்கு மேல் என்றால் அட்டை லாபம். ஒருவழி 3 வெள்ளி கொடுக்கிறவருக்கு அட்டை இல்லாமல் 132 வெள்ளி ஆகும். அட்டை வாங்கினால் 82 வெள்ளி மிச்சம். இடையில் 1 வெள்ளி இணைப்புப் பேருந்தும் சேர்ந்தால் இன்னும் அதிகம். வீட்டில் இருந்தே பாதி நாள் வேலை பார்க்கிறவர்கள்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்றால் மாதம் 16 முதல் 18 பயணம். ஒருவழி 2 வெள்ளி 75 காசுக்குக் குறைவாக இருந்தால் அட்டை நட்டம்தான்.

அறுபது வயது தாண்டிய குடிமக்களுக்கு இன்னொரு கணக்கு. அவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை தனியாக உண்டு. மூன்று வெள்ளிப் பயணம் ஒன்றரை ஆகிவிடுவதால், மாதம் 33 பயணத்தைத் தாண்டினால்தான் மை50 மேல். கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் பேரப்பிள்ளை வீட்டுக்கும் மட்டும் போய் வருகிறவர்களுக்குச் சலுகை அட்டையே போதும். பிள்ளைகள் அன்பு மிகுதியில் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் மை50 போட்டுக்கொடுப்பதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். ஒருமுறை உட்கார்ந்து பயணங்களை எண்ணிவிட்டுப் போடுங்கள்.

வாங்குவது எளிது. மைகார்டு அடையாள அட்டையையும் ஒரு டச் என் கோ கட்டண அட்டையையும் எடுத்துக்கொண்டு நிலையத்தின் வாடிக்கையாளர் சேவை முகப்புக்குப் போனால் போதும். பயண உரிமையை அந்த டச் என் கோ அட்டையில் ஏற்றித் தருவார்கள். ஒருவர் பெயரில் ஒன்று, குடிமக்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் இருந்து வேலை அனுமதியில் வந்திருக்கிறவர்களும் மாணவர்களும் இதைக் கேட்டு முகப்பில் நின்று பயனில்லை. 30 நாள் என்பது போட்ட நாளில் இருந்து எண்ணப்படுகிறது, மாதத்தின் முதல் தேதியில் இருந்து அல்ல. பயணம் செய்யாத நாளும் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கோளாறு பெரும்பாலும் நுழைவாயிலில் வரும், அதில் பாதி நம் பணப்பையால் வருவது. மைகார்டின் சில்லிலேயே டச் என் கோ வசதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைகார்டையும் மை50 ஏற்றிய அட்டையையும் ஒரே பையில் வைத்துப் பையோடு தட்டினால், வாசிப்பான் இரண்டையும் பார்த்துக் குழம்பும். அல்லது தவறானதைப் படிக்கும். உள்ளே ஒன்றைத் தட்டி வெளியே மற்றொன்றைத் தட்டிவிட்டால் கதவு திறக்காது, முகப்பில் போய்ச் சரிசெய்ய வேண்டும், பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அட்டையைத் தனியே வெளியே எடுத்துத் தட்டுவதுதான் வழி. பேருந்தில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். பாஸ் இருக்கிறதே என்று தட்டாமல் உட்காரக் கூடாது, ஏனென்றால் எந்தத் தடத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நிறுவனத்துக்குத் தெரிவதே அந்தத் தட்டலில்தான். தட்டாத பயணி ஏட்டில் இல்லாத பயணி. அடுத்த முறை அந்தத் தடத்துக்கு எத்தனை பேருந்து என்று முடிவெடுக்கும்போது அவர் எண்ணப்பட மாட்டார்.

எங்கே செல்லாது

கேடிஎம் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் மை50 செல்லாது. விமான நிலைய ரயிலில் செல்லாது. வரைபடத்தில் எல்லாம் ஒரே வலையாக வண்ணக் கோடுகளில் இருப்பதால் பலருக்கு இது நடைமேடையில்தான் உறைக்கிறது. காரணம் நிர்வாகம். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயிலை ஓட்டுவது பிரசாரானா குழுமம். கொம்யூட்டரை ஓட்டுவது கேடிஎம் நிறுவனம். அதன் தண்டவாளமும் நிலமும் ரயில்வே சொத்துக் கழகத்துடையவை. இரண்டு நிறுவனங்களும் நிதி அமைச்சின் குடையில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் தனித்தனிப் பணப்பெட்டி. ஒரே அட்டையில் இரண்டையும் ஏற்றினால் வசூலை எப்படிப் பிரிப்பது, குறைவை யார் தாங்குவது என்ற கேள்வி வரும்.

பத்துமலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. பத்துமலை நிலையம் கேடிஎம்முடையது. கேஎல் சென்ட்ரலில் இருந்தே கொம்யூட்டர் ஏறினால் முழுத் தூரத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் ரயிலும் வெகுநேரத்துக்கு ஒன்றுதான். அதற்குப் பதிலாக எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் கம்போங் பத்து வரை மை50யில் வந்துவிடலாம். அங்கே கொம்யூட்டருக்கு மாறினால் தாமான் வாஹ்யூ, அடுத்தது பத்துமலை: இரண்டே நிறுத்தம், கட்டணமும் அதற்கு மட்டும். கொம்யூட்டர் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு எம்ஆர்டி ஏறுங்கள். கம்போங் பத்துவில் ரயிலைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்த காசு காத்திருப்பில் போய்விடும். தைப்பூசத்தின்போது கணக்கு வேறு. 2024இல் அந்த நாள்களில் கொம்யூட்டரே இலவசமாக ஓடியது.

கிள்ளான்காரர்களுக்கு இந்த அட்டை இத்தனை வருடம் ஏறக்குறைய எட்டாக்கனிதான். கிள்ளானில் இருந்து கோலாலம்பூருக்கு ரயில் என்றால் கொம்யூட்டர் மட்டும்தான் இருந்தது. பண்டார் உத்தாமாவில் இருந்து ஜொஹான் செத்தியா வரையிலான ஷா ஆலம் எல்ஆர்டி தடம்தான் இதை மாற்றும் தடம். பாசார் ஜாவா, ஜாலான் மேரு, ஸ்ரீ அண்டாலாஸ் எல்லாம் அதன் நிலையங்கள். அந்தத் தடத்தைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது.

மாறும் இடங்களைப் பொறுத்தவரை, சிலவற்றில் வாயிலைத் தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே மாறலாம்: மஸ்ஜிட் ஜாமேக், பாசார் செனி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச், சான் சோவ் லின். சிலவற்றில் வெளியே வந்து நடக்க வேண்டும். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டியில் இருந்து மோனோரயிலுக்குப் போவது அப்படித்தான்: வாயிலைத் தாண்டி, நு சென்ட்ரல் பேரங்காடியைக் குறுக்கே கடந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இறங்க வேண்டும். மை50 இருந்தால் மறுபடி தட்டுவதில் காசு நட்டமில்லை. கால் மட்டும்தான் வலிக்கும். அட்டை இல்லாதவர் இரண்டு தனிப் பயணமாகக் கட்டுகிறார். இந்த அட்டையின் சொல்லப்படாத பெரிய நன்மை இதுதான் என்று படுகிறது: வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் ஒட்டாமல் கட்டி வைத்ததை, வெறும் கட்டண ஏற்பாட்டால் ஒட்ட வைத்திருக்கிறது.

ஏன் இப்படி ஒட்டாமல் கட்டினார்கள்

1990களில் எல்ஆர்டி தனியார் தொழிலாகத்தான் தொடங்கியது. ஸ்டார் நிறுவனம் 1996 டிசம்பரில் அம்பாங் பக்கம் ஓடத் தொடங்கியது. புத்ரா நிறுவனம் 1998 செப்டம்பரில், காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த சமயத்தில், இன்றைய கிளானா ஜெயா தடத்தின் முதல் பகுதியைத் திறந்தது. இரண்டும் தனித்தனிக் கடன், தனித்தனிப் பெட்டி வகை, தனித்தனிச் சீட்டு. மஸ்ஜிட் ஜாமேக்கில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தும் ஒன்றில் இருந்து வெளியே வந்து மற்றொன்றுக்குப் புதுச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. இடையில் இருந்த அந்த வாயில் 2011இல்தான் அகற்றப்பட்டது.

கட்டிய கடனையும் ஓட்டும் செலவையும் சீட்டு விற்ற காசிலேயே அடைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஒப்பந்தங்கள் போடப்பட்டன. நிதி நெருக்கடியும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பயணிகளும் சேர்ந்து அதை உடைத்தன. இரண்டு நிறுவனங்களின் கடன் சேர்ந்து 570 கோடி வெள்ளி. 2002இல் நிதி அமைச்சின் முழு உடைமையான பிரசாரானா அவற்றை எடுத்துக்கொண்டது. 2004இல் ரேப்பிட் கேஎல் என்ற பெயர் வந்தது. நகரப் பேருந்துகளும் அதற்குள் வந்தன. 2003இல் திறந்த மோனோரயிலும் அதே வழியில் கடனில் சிக்கி 2007இல் பிரசாரானாவிடம் வந்து சேர்ந்தது. பினாங்கில் ரேப்பிட் பினாங்கு பேருந்து தொடங்கியதும் அதே 2007இல்தான், அதுவும் பிரசாரானாதான். ஆக, ஜார்ஜ்டவுனில் ஒரு பேருந்துத் தடத்தை மாற்ற வேண்டும் என்றாலும் முடிவு கூட்டரசு நிறுவனத்தில்தான் எடுக்கப்படும். மாநிலம் தன் பங்குக்கு நகர மையத்தில் இலவச கேட் பேருந்துக்குப் பணம் கொடுக்கிறது, அவ்வளவே.

எம்ஆர்டி வேறு மாதிரி. அதைக் கட்டுவது எம்ஆர்டி கார்ப், ஓட்டுவது பிரசாரானாவின் ரேப்பிட் ரயில். பணம் திரட்டுவது மூன்றாவது ஒன்று: 2011இல் தொடங்கிய டானாஇன்ஃப்ரா. அது அரசாங்க உத்தரவாதத்தோடு சுக்குக் என்னும் இஸ்லாமிய முறைப் பத்திரங்களை விற்கிறது. வாங்குகிறவர்கள் ஓய்வூதிய நிதிகள், காப்புறுதி நிறுவனங்கள், வங்கிகள். 2013இல் பொதுமக்களும் பங்குச் சந்தையில் வாங்கும்படி ஒரு பகுதி விற்கப்பட்டது. 2016 டிசம்பரிலும் 2017 ஜூலையிலுமாகத் திறந்த காஜாங் தடம் சுமார் 2,100 கோடி வெள்ளி. 2022 ஜூனிலும் 2023 மார்ச்சிலும் திறந்த 57.7 கிலோமீட்டர் புத்ராஜெயா தடம் 3,053 கோடி. இந்தக் கடனையும் வட்டியையும் நீங்கள் தட்டும் அட்டை தொடுவதே இல்லை. அது அரசாங்கத்தின் தோளில் இருக்கிறது.

இங்கேதான் இந்தச் சேவையின் அடிப்படைக் கோணல் இருக்கிறது. கட்டுவதற்கு நீண்ட காலக் கடன் கிடைக்கிறது. ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் புத்ராஜெயாவிடம், அதாவது கூட்டரசு அரசாங்கத்திடம், கை நீட்ட வேண்டியிருக்கிறது. புதிய தடம் திறந்தால் நாடாவெட்டப் பிரதமர் வருவார். உதிரிப்பாகம் வாங்கினால், சமிக்ஞைக் கம்பியை மாற்றினால், பேருந்து ஓட்டுநருக்கு நூறு வெள்ளி கூட்டிக் கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள். ரயில் கட்டணம் கடைசியாகக் கூடியது 2015 டிசம்பரில். அதற்குப் பிறகு மின்கட்டணம், சம்பளம், வெளிநாட்டு நாணயத்தில் வாங்கும் பாகங்கள் எல்லாம் ஏறியாயிற்று. அதன் மேல் மை50 சேர்ந்து ஒரு பயணியிடம் இருந்து வரும் சராசரி வசூலைக் கீழே தள்ளியது. அந்தப் பள்ளத்தை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கும் மானியம் நிரப்புகிறது. விளம்பரமும் கடை வாடகையும் நிலையத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையும் கொஞ்சம் கொண்டுவருகின்றன. பாங்க் ராக்யாட் பங்சார், சிஜிசி கிளென்மேரி, பெவிலியன் டாமன்சாரா ஹைட்ஸ் என்றெல்லாம் அறிவிப்பில் வருவது அதனால்தான். டாக்சிக்காரனும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டான், பயணியும் சொல்ல மாட்டார், ஆனால் காசு காசுதான்.

மானியம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் பெட்ரோல் நிலையத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். 2025 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. ஐம்பது வெள்ளிக்கு 25 லிட்டர் வரும். காஜாங்கில் இருந்து நகரத்துக்குக் காரில் போய் வருகிறவருக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று அவரவருக்குத் தெரியும். சாலைக்கும் மானியம், தண்டவாளத்துக்கும் மானியம். இரண்டையும் ஒரே நேரத்தில் மலிவாக வைத்துக்கொண்டு, 2030க்குள் நெரிசல் நேரப் பயணங்களில் 40 விழுக்காடு பொதுப் போக்குவரத்தில் நடக்க வேண்டும் என்று திட்டமும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஷா ஆலம் தடத்துக்கு வருவோம். 2018இல் அதன் செலவு 3,165 கோடியில் இருந்து 1,663 கோடிக்கு வெட்டப்பட்டது. எப்படி வெட்டினார்கள் என்பதுதான் பயணி கவனிக்க வேண்டியது. ஆறு பெட்டி ரயில்கள் 42 என்று இருந்தது, மூன்று பெட்டி ரயில்கள் 22 ஆனது. ஐந்து நிலையங்கள் தள்ளிப்போடப்பட்டன. அவற்றை மீண்டும் சேர்க்கும் முடிவு பிறகு வந்தது. தூணும் பாலமும் கண்ணுக்குத் தெரியும்; அவற்றை வெட்ட முடியாது. பெட்டி எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாது, திறந்த பிறகு நெரிசலில் நிற்கும்போதுதான் தெரியும்.

நடைமேடையில் என்ன தவறுகிறது, ஏன்

கிளானா ஜெயா தடம் 46.4 கிலோமீட்டர், 37 நிலையம், ஓட்டுநர் இல்லாத ரயில். பேர் சொல்லத்தக்க தடம், ஆனால் கோளாறுச் செய்திகளில் அதிகம் அடிபடுவதும் இதுதான். ரயில் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் போகலாம் என்பதை மையக் கணினியும் ரயிலில் உள்ள கணினியும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. 1998இல் பொருத்திய முறையில் அந்தப் பேச்சு தண்டவாளத்தின் நடுவே ஓடும் கம்பிச் சுற்று வழியாக நடக்கிறது. பேச்சு அறுந்தால் ரயில் பாதுகாப்புக்காக உடனே நின்றுவிடும். அதுவரை முறை சரியாகத்தான் வேலை செய்கிறது. பிறகு ஊழியர் ஒருவர் அந்த ரயிலுக்குப் போய்க் கையால் ஓட்டி அடுத்த நிலையத்தில் சேர்க்க வேண்டும். நெரிசல் நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், ஒன்று பத்து நிமிடம் நின்றால் பின்னால் மூன்று நின்றுவிடும். முந்திச் செல்ல மூன்றாவது தண்டவாளம் கிடையாது. பத்து நிமிடக் கோளாறு ஒரு மணி நேரக் கூட்டமாவது இப்படித்தான்.

2022 நவம்பரில் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கோளாறால் கிளானா ஜெயா முதல் அம்பாங் பார்க் வரை 16 நிலையங்கள் சில நாள்கள் மூடிக் கிடந்தன. கையால் ஓட்டும்போது வேறு ஆபத்து வரும்: 2021 மே 24 அன்று கம்போங் பாருவுக்கும் கேஎல்சிசிக்கும் இடையே 213 பயணிகள் இருந்த ரயிலும் கையால் ஓட்டப்பட்ட காலி ரயிலும் சுரங்கத்தில் மோதின. அதற்குப் பிறகு கைமுறை ஓட்டத்துக்கு அனுமதியும் சரிபார்ப்பும் கூடின. அதனால் தாமதமும் கூடும்தான். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்புக்கு நேரம் எங்கே என்று பாருங்கள். முதல் ரயில் காலை ஆறு மணி வாக்கில், கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில். மின்சாரத்தை நிறுத்தி, ஆளை இறக்கி, வேலையை முடித்து, மறுபடி சோதித்து மின்சாரம் கொடுக்க மிஞ்சுவது இரவில் நாலைந்து மணி நேரம். அதில் உண்மையான வேலை நேரம் இன்னும் குறைவு. விழாக் காலத்தில் ரயிலை நள்ளிரவு தாண்டி நீட்டும்போது அந்த இரவின் பராமரிப்பு அடுத்த இரவுக்குத் தள்ளிப்போகிறது.

மோனோரயில் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 8.6 கிலோமீட்டர், 11 நிலையம், குறுகலான பெட்டிகள். நான்கு பெட்டி ரயில்களுக்கான ஒப்பந்தம் 2016இல் முறிந்து நீதிமன்றம் போனது. ரயில் போதாமல் இடைவெளி நீளுகிறது. சௌக்கிட், புக்கிட் பிந்தாங் பக்கம் மாலையில் போகிறவர்கள் காத்திருப்பைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அசல் பலவீனம் பேருந்து. ஒரு தடத்தைச் சுற்றி வர 60 நிமிடம் ஆகும், நான்கு பேருந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 15 நிமிடத்துக்கு ஒன்று. மாலை நெரிசலில் அதே சுற்று 80 நிமிடம் ஆனால் 20 நிமிடத்துக்கு ஒன்று. அன்று ஒரு பேருந்து பழுது, அல்லது ஒரு ஓட்டுநர் வரவில்லை என்றால் மூன்று பேருந்து, ஏறக்குறைய 27 நிமிடம். அட்டவணையில் 15 என்று போட்டிருக்கும், நிறுத்தத்தில் 27. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதோடு, தாமதமான பேருந்துக்கு அதிகக் கூட்டம் ஏறும், அதனால் மேலும் தாமதமாகும், பின்னால் காலியாக வருவது அதை எட்டிப்பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வருவது இதனால்தான். தனிப் பேருந்துத் தடப்பாதை இருந்தால் 80 நிமிடம் 60க்கு இறங்கும். புதுப் பேருந்து ஒன்று வாங்காமலேயே சேவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனால் சாலையில் கோடு போடும் உரிமை ரேப்பிட் பஸ்ஸிடம் இல்லை.

உரிமை யாரிடம் என்பதே தனிப் புராணம். பேருந்துத் தடத்துக்கு உரிமம் கொடுப்பது அபாட் என்னும் தரைவழிப் பொதுப் போக்குவரத்து முகமை. 2010இல் அமைத்த ஸ்பாட் ஆணையத்தைக் கலைத்துவிட்டு, 2019 முதல் போக்குவரத்து அமைச்சின் கீழ் இதை வைத்தார்கள். பேருந்தை ஓட்டுவது ரேப்பிட் பஸ். நிறுத்தத்தில் கூரையும் நடைபாதையும் ஊராட்சி மன்றத்தின் வேலை: கோலாலம்பூரில் மாநகர மன்றம், மற்ற இடங்களில் அந்தந்த மன்றம். கோ கேஎல் என்ற நகரப் பேருந்து மாநகர மன்றத்துடையது. ஸ்மார்ட் சிலாங்கூர் பேருந்து மாநிலத்துடையது. சில சாலைகளில் இந்த மூன்றும் ஒரே நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அடுத்த தெருவில் ஒன்றுமே வராது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடும் வட்டார அமைப்பு ஒன்று கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இல்லை.

புகார் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்தால் பலன் கொஞ்சம் கூடும். பேருந்து வரவில்லை, ஓட்டுநர் நிறுத்தாமல் போனார் என்றால் ரேப்பிட் கேஎல்லுக்கு. தட எண், பேருந்தின் பதிவு எண், நிறுத்தத்தின் பெயர், நேரம் நான்கும் வேண்டும். "பஸ் லேட்" என்று மட்டும் எழுதினால் மன்னிப்புக் கடிதம்தான் வரும். கூரை ஒழுகுகிறது, நடைபாதை உடைந்திருக்கிறது என்றால் ஊராட்சி மன்றத்துக்குப் படத்தோடு. தடமே வேண்டும், அல்லது எடுத்த தடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றால் அபாட்டுக்கு. அதைக் குடியிருப்போர் சங்கம் சேர்ந்து, எத்தனை பேர் எந்த நேரத்தில் எங்கே போகிறார்கள் என்ற பட்டியலோடு கொடுத்தால் எடைபோடுவார்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்வதில் தப்பில்லை, ஆனால் பேருந்து அவர் கையில் இல்லை.

மதிப்பெண் போட வேண்டும் என்றால்: விலைக்குப் பத்தில் ஒன்பதரை. ரயில் சேவைக்கு ஏழு. காஜாங், புத்ராஜெயா தடங்களில் எட்டு, மோனோரயிலில் ஐந்து. பேருந்துக்கு நான்கு, அதுவும் காலை நேரத்துக்கு. வீட்டில் இருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடைக்குள் இருக்கிறவர் யோசிக்காமல் வாங்கலாம். நிலையத்துக்குப் போகவே இணைப்புப் பேருந்தை நம்ப வேண்டியவர், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அந்தப் பேருந்து உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துப் பார்ப்பது நல்லது. நிலையம் வரை தினமும் கிராப் வாடகைக் கார் பிடிக்க நேர்ந்தால், அட்டையில் மிச்சம் பிடித்தது சில நாளிலேயே கரைந்துவிடும். விலையைக் கொஞ்சம் ஏற்றி அந்தக் காசைப் பேருந்துக்குப் போடலாமே என்று கேட்டால், ஏற்றிய காசு பேருந்துக்குத்தான் போகும் என்று எழுதித் தருவார் யாரும் இல்லை. மானிய ஒதுக்கீட்டில் அதே அளவு குறைத்துவிட்டால் நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு சிறு கணக்கு. முப்பது நாள் அட்டையை இடைவெளி விடாமல் புதுப்பித்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆகும். தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள், அட்டை முடியும் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு முந்தின நாள் அவசரமாகப் புதுப்பிக்காமல், திரும்பி வந்து முதல் வேலை நாள் காலையில் முகப்பில் போட்டுக்கொண்டால் போதும். அன்று மட்டும் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். அதே யோசனை வந்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்பார்கள்.